ஆகாயத்திலிருந்து தெரிந்த தகரக் கூரை

அருந்ததி என்று பேர் வைத்த தகப்பனுக்கு நட்சத்திரங்களைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அந்தப் பைத்தியம் பிடித்தது மகளுக்குத்தான். கல்யாண வீட்டில் ஐயர் பட்டப்பகலில் பொம்பிளைக்கு வானத்தைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொல்லும்போது, இவள் பின்வரிசையில் இருந்துகொண்டு, அந்த வெளிச்சம் இங்கே வந்து சேர எண்பது வருடம் பிடிக்கும், நாங்கள் பார்ப்பது பழங்கதை என்று பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவாள். நாற்பத்தொரு வயதாகியும் அவளுக்குக் கல்யாணம் ஆகாததில் கொழும்பு வெள்ளவத்தையில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் படித்துப் பட்டம் வாங்கியவள், தொண்ணூற்றாறில் கொழும்புக்கு வந்தாள். பட்டத்தை யாரும் கேட்கவில்லை. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நிலாம் நானாவின் கொமியூனிகேஷன் கடையில் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்குப் போன் எடுத்துக் கொடுப்பது, போட்டோக்கொப்பி அடிப்பது, பிறகு இன்டர்நெட் வந்ததும் நாலு கம்ப்யூட்டரை மேய்ப்பது. கொட்டாஞ்சேனையில் அச்சாகும் ஒரு வாரப் பத்திரிகையில் ஒன்பது வருடமாக விஞ்ஞானப் பக்கமும் எழுதி வந்தாள். அந்த ஒன்பது வருடத்தில் வாசகர் கடிதம் மூன்று வந்தது. அதில் இரண்டு, சாதகம் பார்த்துச் சொல்லச் சொல்லி.

இரண்டாயிரத்தெட்டில் அவளுக்கு எழுதக் கை காணாது. செவ்வாய்க் கிரகத்து மண்ணைக் கிண்டிய இயந்திரம் அங்கே ஐஸ் இருப்பதாகச் சொன்னது. இந்தியா சந்திரனுக்கு விண்கலம் அனுப்பியது. ஜெனீவாப் பக்கம் நிலத்துக்கடியில் புரோத்தன் என்ற அணுத்துகள்களை ஓடவிட்டு மோதவைக்கப் போகிறார்களாம், உலகம் அழியப் போகுதாம் என்று ஒழுங்கை முழுக்கப் பேச்சு. அழியாது என்று கணக்கோடு எழுதினாள். பத்திரிகை வந்த மறுநாள் விடியச் சுற்றிவளைப்பு நடந்து, ஒழுங்கையிலிருந்து பதினொரு பேரைப் பொலிஸ் ட்ரக்கில் ஏற்றியது. அவர்களுக்கு அவளுடைய கணக்கு ஒரு பிரயோசனமும் செய்யவில்லை.

அந்த வருடக் கடைசியில் அவள் செயற்கைக்கோள்களைப் பற்றி எழுதினாள். அறுநூறு, எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் இருந்தபடி, முற்றத்தில் காயும் பாயைக்கூடக் காணக்கூடிய கமெராக்கள் வந்துவிட்டன என்று கொஞ்சம் உசாராகவே எழுதிவிட்டாள். அதை வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தவள் கனகேஸ்வரி. கடைக்கு மேல்மாடியில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்த விதவை. அவளுக்கென்று மிஞ்சியது ஒரே தங்கச்சி, சிவமணி. அவள் புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் யுத்தம் நடந்துகொண்டிருந்த வன்னியில், விசுவமடுவில் இருந்தாள்.

"பிள்ளை, இதிலை சிவமணியின்ரை வீட்டைப் பார்க்கலாமோ?"

அருந்ததி கம்ப்யூட்டரில் பூமிப் படத்தைத் திறந்தாள். உருண்டையைச் சுழற்றி, இலங்கையைப் பிடித்து, வன்னியில் இறக்கி, பெரிய வீதியைத் தொட்டுக்கொண்டு போனாள். குளத்துக் கட்டு வந்தது. கோயில் வளைவு வந்தது. கனகேஸ்வரி "நில், நில்" என்றாள். தகரக் கூரை வெள்ளையாய்ப் பளபளத்தது. பக்கத்தில் கிணறு, கிணற்றடியில் வாழை. கனகேஸ்வரி விரலால் திரையைத் தடவினாள். கண்ணீர் கொட்டியது.

"இது இப்பத்தையோ?"

படத்தின் அடியில் சின்ன எழுத்தில் இரண்டாயிரத்தைந்து என்று கிடந்தது. அருந்ததி அதைப் பார்த்தாள். பழைய வெளிச்சத்தைப் பற்றிக் கல்யாண வீடுகளில் வகுப்பெடுப்பவள் அவள். ஆனால் ஒன்பது வருடத்தில் அவள் எழுதியதை நம்பிக் கடைக்கு வந்து அழுத முதல் வாசகி முன்னால் நின்றாள். இரக்கம் பாதி, பெருமை பாதி. அந்தப் பாழாய்ப்போன பெருமையை அவள் பிறகு எத்தனை தரம் சபித்தாள் என்று சொல்லி முடியாது.

"ஓம் அக்கா," என்றாள்.

பிறகு கனகேஸ்வரி தினமும் வந்தாள். வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் சந்தைக்குப் போவாள். ஒருநாள் மட்டும், "ஏன் பிள்ளை, கொடியிலை ஒரே வெள்ளைத் துணிதான் ஒவ்வொரு நாளும் கிடக்கு?" என்று கேட்டாள். சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திராது. செயற்கைக்கோள் நாள்தோறும் வராது அக்கா என்று அருந்ததி சமாளித்தாள். அதுவும் உண்மைதான் என்று தன் மனதையும் சமாளித்தாள்.

சிவமணி எப்போதாவது கடை நம்பருக்குத்தான் போன் எடுப்பாள். இரண்டாயிரத்தொன்பது ஜனவரி நடுப்பகுதியில் ஒரு காலையில் எடுத்தாள். யாருடையதோ செயற்கைக்கோள் போன், பின்னால் வரிசை, மூன்று நிமிடம். கனகேஸ்வரி படியால் விழுந்தடித்து இறங்கி வந்தாள். லைன் இரைந்ததால் சிவமணி கத்தித்தான் கதைத்தாள். பக்கத்தில் நின்ற அருந்ததிக்கு எல்லாம் கேட்டது. வீட்டை விட்டு வந்து ஒரு கிழமை, தறப்பாளுக்குக் கீழே கிடக்கிறோம், மழை, சனம் எல்லாம் இன்னும் கிழக்கே கடற்கரைப் பக்கம் போகுது, வீடு ஷெல்லிலை போச்சோ தெரியாது, இவர் என்ன செய்யிறதெண்டு கேக்கிறார்.

"வீடு நிக்குதடி!" கனகேஸ்வரி கடை அதிரக் கத்தினாள். "நான் என்ரை கண்ணாலை பாத்தனான். நேற்றும் பாத்தனான். கூரைக்கு ஒண்டும் இல்லை. ஏன் மழைக்கை கிடக்கிறியள்? பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போங்கோ!"

அருந்ததி ஒரு முழத் தூரத்தில் நின்றாள். ரிசீவரைப் பறித்து நாலு சொல் சொன்னால் போதும். அது பழைய படம், போகாதேங்கோ. கை நீண்டது. கனகேஸ்வரியின் முகத்தில் எத்தனையோ மாதமாக இல்லாத சந்தோசம் இருந்தது. அந்த முகத்துக்கு முன்னால் பொய்க்காரியாக நிற்க அருந்ததிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம்! அந்த வெட்கம் சரியாக எத்தனை வினாடி நீடித்தது என்று பௌதிகம் படித்த அவளாலும் சொல்ல முடியாது. லைன் அறுந்துவிட்டது.

"அக்கா, அந்தப் படம் நாலு வருசத்துக்கு முந்தினது," என்றாள் அப்போது.

கனகேஸ்வரி ரிசீவரை அவளிடம் நீட்டினாள். "அப்ப திருப்பி எடு," என்றாள். "எடு பிள்ளை, கெதியா எடு."

திருப்பி எடுக்க நம்பர் இல்லை. வந்த அழைப்பில் எண் விழவில்லை. அருந்ததி செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எடுத்தாள், தெரிந்த பாதிரியாருக்கு எடுத்தாள், லண்டனுக்கு எடுத்தாள். வன்னிக்குள் ஒரு வசனத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவராலும் முடியவில்லை. செவ்வாயில் நிற்கும் இயந்திரத்துக்குக் கட்டளை போய்ச் சேரக் கூடிப்போனால் இருபத்திரண்டு நிமிடம்.

கனகேஸ்வரி அன்றிலிருந்து போனுக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். திட்டவில்லை, ஒரு சொல் பேசவில்லை. "அவ இரிக்கட்டும், ஒண்டும் சொல்ல வாணாம்," என்றார் நிலாம் நானா. பெப்ரவரி போனது, மார்ச் போனது. மே மாதம் காலி வீதியில் வெடி கொளுத்தி, பாற்சோறு கொடுத்து, யுத்தம் முடிந்தது என்றார்கள். அதே கிழமை பத்திரிகை ஆசிரியர் சவுந்தரநாயகம், விண்வெளி வீரர்கள் ஹபிள் தொலைநோக்கியைத் திருத்துகிறார்களாமே, ஒரு பக்கம் தாரும் என்று கேட்டார். வாசகி போனடியில் இருக்க, அருந்ததி கடை மேசையிலேயே அதை எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதிய கடைசிப் பக்கம் அது.

ஜூன் கடைசியில் செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து, யாரோ ஒரு நேர்ஸின் கையில், கடிதம் ஒன்று வெளியே வந்தது. எழுதியவள் சிவமணியின் பக்கத்து வீட்டுக்காரி. கனகேஸ்வரி கடிதத்தைப் பிரித்துப் பார்த்தாள். அருந்ததியிடம் நீட்டினாள்.

"நீ வாசி."

அருந்ததி வாசித்தாள். சனம் முழுக்கக் கிழக்கே போக, சிவமணியின் குடும்பம் மட்டும் திரும்பியது. மறிக்க மறிக்கக் கேட்கவில்லை. அக்கா கொழும்பில் கம்ப்யூட்டரிலே பார்த்தவ, வீடு நிக்குதாம் என்று சிவமணி எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டுதான் போனாள். அன்று பின்னேரம் அந்த வீதி முழுக்க ஷெல் விழுந்தது. பிறகு அந்தப் பக்கமிருந்து ஒருவரும் வரவில்லை. மன்னிக்கவும் அக்கா, என்று கடிதம் முடிந்தது.

நீ வாசி என்றதைத் தவிர, ஐந்து மாதத்துக்குப் பிறகு கனகேஸ்வரி அப்போதுதான் அருந்ததியோடு பேசினாள்.

"பிள்ளையளை நடத்தியோ கூட்டிக்கொண்டு போனவை, சைக்கிளிலையோ எண்டு போட்டிருக்கோ? சின்னவனுக்குக் காலிலை புண். அவனாலை நடக்கேலாது."

அருந்ததி கடிதத்தை முதலிலிருந்து ஒருதரம் தேடிப் பார்த்தாள்.

"அது போடேல்லை அக்கா," என்றாள்.