வீட்டுத் தலைவர் வந்திருக்கிறார்

இதைப் படித்துவிட்டு, கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சொல்பவர்கள் தாராளமாகச் சொல்லிக்கொள்ளட்டும். எடை அளவுத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தராசு காட்டியதைத்தான் எழுதுவேன். கண்டதை மட்டும்தான் இங்கேயும் எழுதியிருக்கிறேன்.

எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு நான் தலைவர். மாலை ஆறு மணிக்குச் சங்க அறைக்குப் போவேன், எட்டுக்குத் திரும்புவேன். மகனுக்குக் கப்பலில் வேலை. என் மனைவி காலமான பிறகு வீட்டில் நானும் மருமகளும்தான். மருமகள் காலையில் மருந்துக்கடை வேலைக்குப் போய்விட்டு மதியமே வந்துவிடுவாள்.

சங்கப் பொருளாளருக்கு நாங்கள் வைத்த பெயர் வானொலி. ஒலிபரப்பு நிற்கவே நிற்காது. ஒருநாள் அவர் என்னைத் தனியாக அழைத்தார்.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. சாயங்காலம் நீங்க இங்க இருக்குற நேரத்துல, உங்க வீட்டுப் பின்பக்கமா ஒரு ஆம்பளை உள்ள போறான்."

"யார் பார்த்தது?"

"நாலு பேரு பாத்திருக்காங்க. உங்க பையனும் ஊர்ல இல்ல... காலம் கெட்டுக் கிடக்கு பாருங்க."

அவர் சொல்லாமல் விட்டது எனக்குப் புரிந்தது. கை ஓங்கியிருப்பேன், ஆனால் கை ஓங்கினால் ஊர் வாய் மூடாது. மருமகளிடம் இதைக் கேட்கவும் மாட்டேன். கேட்டால் நானே அவளைச் சந்தேகப்பட்டதாகிவிடும். எவரும் மறுக்க முடியாத சாட்சி வேண்டும். மறுநாளே கேமரா வாங்கக் கிளம்பினேன்.

கடைக்காரர் ஏழெட்டுப் பெட்டிகளைப் பரப்பினார். பேட்டரியில் ஓடுவதை ஒதுக்கினேன். சார்ஜ் தீர்ந்த நேரத்தில் என்ன நடந்தது என்று வானொலி கேட்பார். படங்களை எங்கோ இருக்கும் கம்பெனிக் கணினியில் சேமிப்பதையும் ஒதுக்கினேன். என் வீட்டுப் படம் என் வீட்டில்தான் இருக்க வேண்டும். மின்சாரத்தில் ஓடுவது, வைஃபையில் படம் அனுப்புவது, உள்ளேயே மெமரி கார்டு உள்ளது, முகம் பார்த்துப் பெயர் சொல்வது. அதை எடுத்தேன்.

மாட்ட வந்தவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. இடுப்பில் டிரில், வாயில் திருகாணி.

"பின்னாடி சிக்னல் ரொம்ப வீக் சார். சமையலறையில ஒரு ரிப்பீட்டர் வைக்கணும். சந்துப் பக்கத்தையும் சேத்து எடுக்கட்டுமா?"

"வேண்டாம். என் கேட்டிலிருந்து என் கதவு வரைக்கும் போதும்."

"நல்லது. இல்லன்னா ஒவ்வொரு பூனைக்கும் போன் கத்தும்."

கேட்டுக்கும் கதவுக்கும் நடுவே, பக்கச் சன்னலின் சன்ஷேடுக்கு அடியில் கேமராவைப் பொருத்திவிட்டு என் முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் பதிவு செய்தார்.

"என்ன பேர் போடட்டும்? தாத்தான்னு போடவா?"

"வீட்டுத் தலைவர்னு போடுங்க."

"அடேயப்பா. சரிங்க, தலைவரே."

மருமகளின் முகமும் பதிவானது. வேறு யார் வந்தாலும் 'அறிமுகமில்லாத நபர்' என்று என் கைபேசிக்குச் செய்தி வரும்; நான் உத்தரவிட்டால் சைரன் அலறும். வேறு எந்தக் கைபேசியையும் இணைக்க வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.

அன்று மாலை சங்க அறையில் எல்லார் முன்னிலையிலும் கைபேசியை மேசைமேல் வைத்தேன்.

"என் வீட்டுப் பின்வாசல் இதுல தெரியும். யாருக்குச் சந்தேகமோ உக்காந்து பாக்கலாம்."

வானொலி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

6.42.

டிங்.

செய்தியை நான் படிப்பதற்குள் அவரே உரக்கப் படித்துவிட்டார். "வீட்டுத் தலைவர் வந்திருக்கிறார்."

திரையில் பின்கேட் திறந்திருந்தது. ஓர் ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நடந்து போனான். வெள்ளைச் சட்டை. வளையாத முதுகு. பின்னால் கட்டிய கைகள். என் நடை. என் பின்தலை. கதவைத் தள்ளினான். உள்ளே போனான்.

எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ஐயா... நீங்க இங்கதானே இருக்கீங்க?"

திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. 'இவர் வீட்டுத் தலைவர்தானா? ஆம். இல்லை.'

இல்லை என்றால், அன்னியன் ஒருவன் என் மருமகள் தனியாக இருக்கும் வீட்டுக்குள் போயிருக்கிறான். பத்து நிமிடத்தில் தெரு முழுக்க ஒலிபரப்பாகிவிடும். அத்தனை கண்களும் என் விரல்மேல் இருந்தன.

'ஆம்' என்பதை அழுத்தினேன்.

"நான்தான். மத்தியானம் டெஸ்ட் பண்ணப்ப எடுத்தது. சிக்னல் வீக்கு, லேட்டா வருது."

பொய்தான். மறுபடி அதே நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

எழுந்தேன். வீட்டை நோக்கி நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் அவர்கள் பார்ப்பார்கள்.

முன்வாசல் மணியை அடித்தேன். மருமகள் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"மாமா... நீங்க உள்ளதானே இருந்தீங்க?"

"நான் எப்போ வந்தேன்?"

"இப்பதான். எப்பவும் போல பின்பக்கமா. தண்ணி கூட வெச்சேனே."

"எப்பவும் போலன்னா?"

அவள் குரல் இறங்கியது. "அத்தை போனதுலேருந்து தினமும் வர்றீங்க மாமா. பின்ரூம்ல லைட் போடாம உக்காருவீங்க. ஒண்ணும் பேச மாட்டீங்க. நான் தண்ணி வெச்சிட்டு வந்துடுவேன். அப்புறம் எட்டு மணிக்குத் திருப்பி முன்பக்கமா வருவீங்க."

"ஏன்னு நீ கேக்கவே இல்லையா?"

"இந்த வீட்டுல உங்களை யாரு மாமா கேள்வி கேப்பா?"

பின்னறையிலிருந்து சத்தம் வந்தது.

கிரீச்... கிரீச்...

பிரம்பு நாற்காலி. யாரோ அதில் சாய்ந்து நிமிர்கிறார்கள்.

"நீ வாசல்ல போய் நில்லும்மா."

"நான் எங்கயும் போகல மாமா."

பின்னறைக் கதவைத் திறந்தேன்.

இருட்டு.

கிரீச்...

நின்றது.

விளக்கைப் போட்டேன். ஆள் இல்லை. சன்னல் கொக்கி மாட்டியிருந்தது. அறைக்கு வேறு வழி கிடையாது. நாற்காலி பக்கத்தில் டம்ளர். காலி. விளிம்பு ஈரம்.

இருக்கையில் கை வைத்தேன்.

சூடு.

பயந்தேனா என்று கேட்டால், பயந்தேன். ஆனால் அதைக் காட்டுவதாக இல்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

"எவனா இருந்தாலும் கேட்டுக்கோ. இது என் வீடு. அவ என் வீட்டுப் பொண்ணு. உன்னால அவளுக்கு ஒரு கெட்ட பேர் வந்துச்சு..."

என் காதுக்குப் பின்னால்...

களக்.

யாரோ தண்ணீரை விழுங்கும் சத்தம்.

நான் திரும்பவில்லை. எட்டு மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மருமகள் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள், கையில் பூரிக்கட்டையுடன்.

மறுநாள் காலையில் கேமராக்காரம்மாவை வரவழைத்தேன். பதிவை இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"இதுல முதுகு மட்டும்தானே சார் தெரியுது?"

"ஆமா."

"அப்ப பேர் சொல்லியிருக்காதே. பின்தலைய வெச்செல்லாம் இதுக்கு அடையாளம் தெரியாது. முகத்தைப் பாத்திருக்கணும்." கைபேசியில் எதையோ தேடினார். "எந்த முகத்தைப் பாத்துச்சுன்னு தனியா ஒரு போட்டோ எடுத்து வெச்சிருக்கும்..."

படம் திறந்தது.

திரை முழுவதும் என் முகம். நெற்றியும் தாடையும் சட்டத்துக்கு வெளியே போயிருந்தன. இமைக்காத இரண்டு கண்கள் கண்ணாடியில் ஒட்டினாற்போல...

அவர் தலை தூக்கிச் சன்ஷேடைப் பார்த்தார். "நானே ஏணி போட்டுத்தான சார் மாட்டினேன்? இவ்வளவு கிட்ட..."

என் முகத்தைப் புதிதாகப் பதிவு செய்ய மறுபடி மறுபடி முயன்றார். ஒவ்வொரு முறையும் 'பொருந்தவில்லை' என்றே வந்தது.

"நேத்து நீங்க 'ஆம்'னு அமுக்கிட்டீங்கல்ல? இனிமே அதுக்கு அந்த முகந்தான் கணக்கு. கழட்டிடட்டுமா?"

"இருக்கட்டும்."

அன்று மாலை சங்கத்துக்குப் போய்விட்டு 6.42க்குப் பின்கேட் வழியாக நானே வந்தேன். நாலு பேரும் பார்க்கட்டும் என்றுதான்.

டிங்.

'அறிமுகமில்லாத நபர். சைரன் ஒலிக்கட்டுமா?'

கைபேசி என் உள்ளங்கையில் இருந்தது. விரல் திரையில் படவில்லை.

சைரன் அலறியது.

சன்னல்கள் திறந்தன. வானொலி தன் வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நான் நிற்கவில்லை, வேகமாகவும் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்த அலறலுக்கு நடுவே நடந்து என் வீட்டுக்குள் போனேன். பின்வாசலில் வருவது பெரியவர்தான் என்று அன்றோடு ஊருக்கு உறுதியாகிவிட்டது. மருமகளைப் பற்றி அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

கேமரா தன் குறிப்பில் அன்றைக்கு எழுதி வைத்திருப்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

'6.42. அறிமுகமில்லாத நபர் தடுக்கப்பட்டார். உத்தரவிட்டவர்: வீட்டுத் தலைவர். இடம்: வீட்டினுள்.'

இருக்கட்டும். சைரன் தினமும் அலறுகிறது. நானும் தினமும் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறேன்.