கையிலிருந்ததை வைத்துவிட்டுப் பேசிய நடிகர்

இன்று 2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. எனக்கு எழுபத்தெட்டு வயதும் நான்கு மாதங்களும். இந்த வயதில் ஒரு நாடகத்துக்காக ரொறன்ரோவிலிருந்து மொன்றியலுக்குத் தனியே போகலாமா என்று கேட்டவர்களுக்கு நான் மறுமொழி சொல்லவில்லை, பயணச்சீட்டை வாங்கினேன். ஒரே நாடகத்தை ஒரே நாளில் இரண்டு முறை பார்க்கப்போகிறேன் என்றும் சொல்லியிருந்தால் வைத்தியரிடம் அழைத்துப் போயிருப்பார்கள்.

காரணம் டெர்மட் ஹாலரன். அயர்லாந்தின் தெற்கில் ஒரு துறைமுக ஊரில் பேக்கரிக்காரரின் மகனாகப் பிறந்தவர். பதினேழு வயதில் டப்ளினுக்கு ஓடிப்போய், மேடையில் ஈட்டி பிடித்து நிற்கும் காவலனாகத் தொடங்கினார். முப்பதில் அரசர்கள், நாற்பதில் கொலைகாரர்கள். பிறகு திரைப்படங்கள் வந்தன: நீதிபதி, பேராயர், ஒரு படத்தில் முகமே காட்டாத ஆவி. எல்லாம் குரலுக்காகக் கிடைத்தவை. அந்தக் குரலைப் பற்றி எழுதாத விமர்சகர் இல்லை. நான் எழுதியதில்லை. இந்த வலைப்பதிவில் அவருடைய முதுகைப் பற்றியும், மேலங்கியைக் கழற்றும் விதத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். குரலுக்கு ஒரு வரிகூட இல்லையே என்று வாசகர்கள் சிலர் கடிந்துகொண்டதும் உண்டு.

நான்கு ஆண்டுகளுக்கு முன் தொண்டையில் புற்றுநோய் வந்து அவருடைய குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை, உள்ளே சிறு வால்வு. துளையை விரலால் மூடினால்தான் மூச்சு வாய்க்கு ஏறிப் பேச்சு வரும். அந்தப் பேச்சு பழைய குரல் அல்ல. தயாரிப்பாளர்களோ பழைய ஒலிப்பதிவுகளிலிருந்து அந்தக் குரலைக் கணினியில் மறுபடி உருவாக்கிவிட்டார்கள். ஆகவே மொன்றியலில் ஒரு சோதனை. சனிக்கிழமை பகல் காட்சி கணினிக் குரலில், அவர் வாயசைப்பார். இரவுக் காட்சி சொந்தத் தொண்டையில். ஞாயிற்றுக்கிழமை அவர் முடிவு சொல்ல வேண்டும். கணினிக் குரல் என்றால் டப்ளினில் பெரிய அரங்கும் நீண்ட ஒப்பந்தமும். சொந்தத் தொண்டை என்றால் தயாரிப்பாளர்கள் விலகிக்கொள்வார்கள். நூறு பேர் அமரும் கூடம் ஒன்றுதான் மிஞ்சும். அவருக்கு வயது எழுபத்தாறு. இவற்றையெல்லாம் அவரே பத்திரிகைக்குச் சொல்லியிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை ரயில் ஏறினேன். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். ஒருவழிக்கு 64 டாலர். மேற்குப் பக்கத்தில் உறவினர் உள்ளவர்கள் நகர மத்திவரை போகாமல் டோர்வலில் இறங்கிவிடலாம். என் பெறாமகள், தங்கை மகள் கௌசி, அங்கேதான் விமானங்களுக்கு உணவு கட்டும் சமையற்கூடத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறாள். வேலை முடித்து நேரே காருடன் வந்தாள். கார் ஓடும்போது அவள் என்னோடு கதைப்பதில்லை; சிவப்பு விளக்கில் நின்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக் கதைப்பாள். மற்றவர்களும் இதைப் பழகலாம்.

முதலாவது சிவப்பு விளக்கில் சொன்னாள்: "பெரியம்மா, அந்தக் கிழவனைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்? சொல்லியிருந்தால் கலியாணம் பேசியிருப்பன்."

"அவருக்கு வயது காணாது," என்றேன்.

சனிக்கிழமை காலை ஜான்-டலோன் சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினோம். விலை ரொறன்ரோவைவிடக் குறைவு. மற்றபடி கத்தரிக்காய் கத்தரிக்காய்தான். பழைய நகரத்தில் கார் நிறுத்த இடம் தேடுவது ஒரு தவம் என்று கௌசி சொன்னதால் மெட்ரோவில் போனோம். பார்க் நிலையத்தில் நீலத் தடம், ஜான்-டலோனில் செம்மஞ்சள் தடத்துக்கு மாறி, பிளாஸ்-டார்ம் நிலையத்தில் இறங்க வேண்டும். கட்டணம் 3.75 டாலர். அறுபத்தைந்தைக் கடந்தவர்களுக்கு இலவசம் என்று யாராவது சொன்னால் நம்பிப் போய்விடாதீர்கள். அது அந்நகரவாசிகளுக்கு மட்டும்.

நாடகம் எளிமையானது. ஏலம் கூறும் கிழவர் ஒருவர். வாழ்நாள் முழுவதும் ஊரார் வீடுகளைக் கூறி விற்றவர், இறுதியில் தன் வீட்டுச் சாமான்களைத் தானே ஏலம் விடுகிறார். மகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து அவர் கையில் கொடுக்கிறாள். கடைசிப் பொருள் இறந்துபோன மனைவியின் மணிக்கூடு. கடைசிச் சொல் "விற்றாயிற்று". நாடகப் புத்தகத்தை 19 டாலருக்கு முன்பே வாங்கி இரண்டு முறை வாசித்துவிட்டுத்தான் போனேன்.

பகல் காட்சியில் மண்டபம் உருகிப்போயிற்று. என் பக்கத்து இருக்கைக்காரர் பாதி நேரம் கண்களை மூடிக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு நாடகம் பார்ப்பதற்கு வீடே போதும். நான் பார்த்தது வேறு. ஒவ்வொரு வசனத்துக்கும் முன் ஹாலரனின் முகம் ஒரு கணம் காத்து நின்றது. முன்னால் நடப்பவர் எந்தப் பக்கம் திரும்புவாரோ என்று பார்த்துப் பார்த்துப் பின்னால் போகிறவரின் முகம் அது. இரண்டு கைகளும் ஓய்வாக இருந்தன. அவற்றுக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.

இரவுக் காட்சி எட்டு மணிக்கு. வலக் கையில் ஏலச் சுத்தியல். பேச வேண்டுமானால் இடக் கை கழுத்துக்குப் போக வேண்டும். ஆகவே மகள் கொடுக்கும் எந்தப் பொருளையும் கீழே வைத்துவிட்டுத்தான் அவரால் வாய் திறக்க முடிந்தது. குவளையை வைத்தார், பேசினார். படச்சட்டத்தை வைத்தார், பேசினார். கடைசியாகத் தடவிப் பார்க்கவா, விலை கூறவா என்று ஒவ்வொரு முறையும் அவர் தெரிவு செய்ய வேண்டியிருந்தது. இதைப் புத்தகத்தில் எவரும் எழுதவில்லை. அது அந்தத் துளையிலிருந்து வந்தது.

இடைவேளையில் எங்களுக்கு முன்னிருந்த இருவர் எழுந்து போய்விட்டார்கள். கௌசியும் சோர்ந்திருந்தாள்.

"எனக்குப் பாதி விளங்கேல்லை, பெரியம்மா. தகரத்தை றோட்டிலை இழுத்த மாதிரிக் கிடக்கு. பகல் எவ்வளவு நல்லா இருந்தது. பாவம் மனுசன், பேசாமல் கொம்ப்யூட்டரோடை போகலாம்."

நான் பார்ப்போம் என்றேன்.

கடைசிக் காட்சியில் மகள் மணிக்கூட்டைக் கொண்டுவந்தாள். அது பாரமானது. சுத்தியலை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் வாங்கினார். இனி ஒரு கையை எடுத்தால்தான் அந்தக் கடைசிச் சொல் வரும். அவர் எடுக்கவில்லை. மணிக்கூட்டை மார்போடு பிடித்தபடி மெதுவாக உதடுகளை அசைத்தார். மகளாக நடித்த பெண் நடிப்பை மறந்து அவரைப் பார்த்தாள். விளக்கு அணைந்தது. மறுபடி எரிந்தபோது பாதிப் பேர் எழுந்து கைதட்டினார்கள். மீதிப் பேர் மேலங்கியைத் தேடினார்கள்.

"கடைசிச் சொல்லை மறந்திட்டார் போல," என்றாள் கௌசி.

நடிகர்கள் வெளியேறும் கதவு பக்கத்துச் சந்தில் இருக்கிறது. பத்தே கால் மணிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு பேர் அங்கே காத்திருந்தோம். கழுத்துத் துணியுடன் வந்தார். தெருவில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அவர் விரலால் கழுத்தை அழுத்தி ஏதோ சொன்னார். சுற்றியிருந்தவர்கள் தலையைச் சாய்த்து, மன்னிக்கவும், இன்னொரு முறை என்றார்கள். மூன்று முறை முயன்றார். பிறகு கையை இறக்கிவிட்டு, என் பக்கம் திரும்பி, வெறுமனே உதட்டால் கேட்டார். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"எந்தக் காட்சிக்கு வந்தீர்கள்?"

"இரண்டுக்கும்."

"எது?"

"பகலில் யாரையோ பின்தொடர்ந்து போனீர்கள். இரவில் உங்களுக்கு முன்னால் ஒருவரும் இல்லை."

"கடைசிச் சொல்லை மறந்துவிட்டேன் என்கிறார்கள்."

"மறக்கவில்லை. 'விற்பதற்கில்லை' என்றீர்கள். புத்தகத்தில் அப்படி இல்லை."

"சத்தமே வரவில்லையே."

"இரண்டாம் வரிசைக்கு வந்தது," என்றேன்.

அவர் சிரித்தார். சிரிப்பு கண்ணில் மட்டும் இருந்தது. "அருமையான காது உங்களுக்கு," என்றார்.

நன்றி சொன்னேன். கௌசி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள், தோள்கள் குலுங்கின.

நேற்று மாலை அரங்கின் இணையப் பக்கத்தில் இரண்டு வரிகள் வந்திருந்தன. டப்ளினில் சிறிய கூடம். சொந்தத் தொண்டை. அவர் சரியாக முடிவெடுத்தாரா என்று எனக்குத் தெரியாது. நூறு இருக்கைகளை நம்பி எந்த நடிகரும் செழித்ததில்லை. பகல் காட்சியில் அழுதவர்களின் கண்ணீர் பொய்யும் அல்ல. ஆனால் இரவில் அவர் எதைக் கையில் வைத்திருந்தார் என்பது எனக்கு நினைவிருக்கிறது. பகலில் எதை வைத்திருந்தார் என்று கேட்டால் சொல்ல முடியவில்லை.

மொன்றியலுக்கு நாடகம் பார்க்கப் போக விரும்புவோருக்கு: இதுபோன்ற நீண்ட வார இறுதிகளில் விடுதி விலைகள் ஏறிவிடும்; உறவினரைச் சிநேகமாக வைத்திருங்கள். மாலையில் ஆற்றங்கரைக் காற்று ஊசி போல் இருக்கும். நாடகப் புத்தகத்தை முன்பே வாசியுங்கள். இரண்டாம் வரிசையில், இடது பக்கத்தில் அமருங்கள். என் இருக்கை 84 டாலர். இருட்டில் பேசும் நாடகங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இருக்கையிலும் வெளிச்சத்திலும் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று பதினோரு ஆண்டுகளாகக் கேட்கிறீர்கள். முப்பத்தேழாவது வயதில் ஒரு காய்ச்சலுக்குப் போட்ட ஊசியில் என் இரண்டு காதுகளும் போயின. அன்றுமுதல் உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சை அறிகிறேன். குடும்பத்தார் அறிவார்கள். உங்களுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நாடகத்தை விட்டுவிட்டு என் காதைப் பற்றிக் கடிதம் எழுதியிருப்பீர்கள். ஹாலரனை நான் முதன்முதலில் லண்டனில் பார்த்தது அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னர். அவர் இழந்துவிட்டதாக எல்லோரும் வருந்தும் அந்தக் குரலை நான் ஒருநாளும் கேட்டதில்லை.