மூச்சுக்குத் தவிச்ச பன்றிகளுக்காக நான் கேட்டது

என் பேர் ரெஜினா. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம்தான் எங்க ஊரு. ஆண்டவர் எனக்குச் செஞ்சதைச் சொல்லாம உக்கார முடியலைங்க.

முழங்கால் போனதுல இருந்து எனக்குக் கொழுந்து பறிக்க ஏலாது. வீட்டுக்காரரும் தவறிட்டாரு. நாங்க குடியிருக்கிற லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால வளக்கிற பன்றிகதான் எனக்கும் மகளுக்கும் சோறு. போன வருஷம் பெருமழையில ஒரு பன்றி இருமத் தொடங்குச்சு. குளிராக்கும்னு நெனச்சேன். மறுநாள் அது நாய் மாதிரி குந்திக்கிட்டு, வாயைத் தொறந்து மூச்சுக்குத் தவிச்சிச்சு. காதெல்லாம் நீலம் பாய்ஞ்சிருச்சு. மூக்குல ரத்த நுரை. பொழுது சாயறதுக்குள்ள செத்துப்போச்சு. அப்புறம் அடுத்தது இருமுச்சு. சினையா இருந்த தாய்ப்பன்றியும் தீனியைத் தொடல.

அந்த நேரம் பார்த்து மண்மேடு சரிஞ்சு ரோட்டை மூடிருச்சு. பஸ் இல்ல. போனும் வேலை செய்யல. மிருக டொக்டருக்கு எப்படிச் சொல்றது?

சுவரை ஒட்டின அடுத்த காம்பராவுல குடியிருக்கிற முருகையா அண்ணன் வாசல்ல நின்னு சத்தம் போட்டாரு. "இது பன்றிக் காய்ச்சல்தான். லயத்துப் புள்ளைகளுக்குத் தொத்துனா யார் பதில் சொல்றது? எல்லாத்தையும் கொன்னு பொதைச்சிரு தங்கச்சி!"

லயமே அவர் பக்கம். முன்னால சனம், பின்னால சாகிற பன்றிக, வெளியில அடைச்ச ரோடு. எனக்கே மூச்சு முட்டுச்சு.

பன்றிக்கூட்டுலயே முழங்கால் வலியோட மண்டிபோட்டுக் கதறினேன். "அப்பா, ஒரு வழியும் தெரியல. யாரையாவது அனுப்புங்க." வேற வார்த்தை வரல. எழும்பினப்போ ஒண்ணும் மாறல. மழை பேஞ்சுக்கிட்டேதான் இருந்துச்சு.

மறுநாள் மத்தியானம் டொக்டர் ஐயா சேறும் சகதியுமா வந்து நின்னாரு. கூட்டிக்கிட்டு வந்தது யார் தெரியுமா? முருகையா அண்ணன்! சரிஞ்ச மண்ணு மேல ஏறி நடந்தே போயிருக்காரு.

"நீ அழுது கேட்டது என் காதுல விழுந்திச்சும்மா. அதுக்கப்புறம் என்னால சும்மா இருக்க முடியல"ன்னாரு.

டொக்டர் சிங்களவர், ஆனா தமிழ் பேசுவாரு. செத்த பன்றியை அறுத்துப் பார்த்தாரு. நுரையீரல் விலாவோட ஒட்டிக்கிடந்துச்சு. "பயம் வேணாம் அக்கா. இது பன்றிக் காய்ச்சல் இல்ல. நுரையீரல்ல கிருமி. பன்றிக்குப் பன்றி தொத்தும், மனுசருக்கு வராது"ன்னாரு. ஊசி போட்டாரு. இருமுறதை எல்லாம் பிரிச்சு வைக்கச் சொன்னாரு. குளிருக்குன்னு கூட்டைச் சுத்தி நான் கட்டியிருந்த சாக்கைக் கழட்டிக் காத்து விடச் சொன்னாரு.

எல்லாம் பொழைக்கல. இன்னொண்ணும் செத்துச்சு. ஆனா தாய்ப்பன்றி எழும்பித் தீனி தின்னுச்சு, நல்லபடியா குட்டியும் போட்டுச்சு. அதைப் பார்த்து நான் அழுத அழுகை ஆண்டவருக்குத் தெரியும்.

யாருக்கு நான் பயந்து கிடந்தேனோ, அவரையே ஆண்டவர் அனுப்பினாரு. இப்ப முருகையா அண்ணன் குடும்பத்துக்காக நான் ஜெபிக்காத நாளில்ல. உங்களையும் நாலு பக்கமும் அடைச்சு வச்ச மாதிரி இருக்கலாம். அழகா ஜெபிக்கத் தெரியலேன்னாலும் பரவாயில்ல, வாயைத் தொறந்து கேளுங்க. எந்த மனுசனை எழுப்பி அனுப்பணும்னு அவருக்குத் தெரியும்.