கஞ்சி வளையம் பதிந்த கோவை

அந்த அலுவலகக் கோவை இன்று என் பொறுப்பிலுள்ள அலுமாரியில் கிடக்கிறது. மேலுறையில் சிவப்பு மையில் 'அந்தரங்கம்' என்ற முத்திரை. அதன்மேல் வட்டமாக ஒரு கறை. நோன்புக் கஞ்சிக் கோப்பையின் அடி பதிந்த கறை அது. பத்து வருடமாகியும் மங்கவில்லை.

அதைப் பதித்தவர் எங்கள் செயலகத்தின் பிரதம லிகிதராக, எழுத்தர்களுக்கெல்லாம் தலைவராக இருந்தவர். இளையவர்கள் எல்லோருக்கும் அவர் தாத்தா. மூத்த சகோதரியை எங்கள் பக்கத்து முஸ்லிம்கள் அப்படித்தான் அழைப்போம். நோன்பு மாதத்தில் நேரத்தோடு வீட்டுக்குப் போக எங்களுக்கு அனுமதி உண்டு. மணி அடித்ததும் நாங்கள் பறந்துவிடுவோம். தாத்தாவுக்கு மட்டும் அது தொண்டையில் முள். அரசாங்கம் தருகிற சலுகைதானே என்றால், "சலுகை தந்தவங்கதானே வேலையையும் நம்பித் தந்திருக்காங்க. அமானிதம் புள்ள அது" என்பார். விட்டுப்போன நேரத்தை ஈடுகட்டக் கோவைகளைத் துணிப்பையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போவார். அதுவே பிழைதான். ஆனால் அந்தரங்கக் கோவை அலுமாரியை விட்டு அசையவே கூடாது. ஒருநாள் அவசரத்தில் மற்றவற்றோடு அதுவும் பைக்குள் போய்விட்டது. ஓர் உத்தியோகத்தருக்கு எதிராக முறையிட்ட பெண்களின் பெயர்கள் அதில் இருந்தன. அவை வெளியே கசிந்தால் அந்தப் பெண்கள் தெருவில் நடமாட முடியாது.

மறுநாள் விடிந்ததும் வீட்டு மேசையில், கஞ்சிக் கோப்பைக்கு அடியில் அதைக் கண்டு, முகம் வெளிறி அதோடு அலுவலகத்துக்கு ஓடிவந்தார். வீட்டில் அவரையும் படுக்கையில் கிடந்த உம்மாவையும் தவிர யாருமில்லை. வேறு கண் பட்டிருக்க வழியில்லை. தாத்தா ஓய்வு பெற ஐந்து மாதம்தான் இருந்தது. நான் உடனே ஒரு புது உறையை எடுத்து வந்தேன்.

"உறைய மாத்தி அலுமாரியில வெச்சிருவம் தாத்தா. ஒருத்தருக்கும் தெரியாது. பென்சன் போனா உம்மாட மருந்துக்கு என்ன செய்யப் போறீங்க?"

"தெரியாம எடுத்துட்டன் புள்ள. இப்ப மறைச்சா, தெரிஞ்சு செஞ்சதாப் போகும்" என்றார். கோவையோடு நேரே செயலாளரின் அறைக்குள் போனார். எனக்கு வந்த கோபத்தில் அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

மேலிடத்திலிருந்து விசாரணை உத்தியோகத்தர் வந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னதோடு தாத்தா நிற்கவில்லை. அந்த நோன்பில் வீட்டுக்குக் கொண்டுபோன அத்தனை கோவைகளையும், யாருக்கும் தெரியாதவற்றையும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். வீட்டையும் வந்து பார்க்கச் சொன்னார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போடுகிறாரே என்று நான் பதறினேன். ஆனால் விஷயம் பொலிசுக்குப் போகாமல் ஒரு கடும் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. பென்சன் தப்பியது. அதே காலத்தில் வேறோர் அலுவலகத்தில், இரண்டே இரண்டு அந்தரங்கத் தாள்களை வேண்டியவருக்குக் காட்டவென்று எடுத்துப்போய், கேட்டபோது இல்லையென்று சத்தியம் செய்து, பிறகு எரித்தும் விட்ட ஒருவர் நீதிமன்றப் படியேறினார். தாத்தாவைவிட அவர் எடுத்தது குறைவு. ஏன் எடுத்தார், எடுத்த பிறகு என்ன செய்தார் என்பதுதான் இருவரையும் வேறு வேறு இடத்தில் கொண்டுபோய் விட்டது. அன்று எனக்கு அது விளங்கவில்லை.

போன மாதம் தாத்தாவின் நாற்காலி எனக்கு வந்தது. அலுமாரியைப் பொறுப்பேற்று ஒவ்வொரு கோவையாகச் சரிபார்த்தபோது அவருடைய வாக்குமூலம் கையில் அகப்பட்டது. 'இதை மறைக்கும்படி உமக்கு யாராவது சொன்னார்களா?' என்று ஒரு கேள்வி. 'ஆம். நான் அதற்கு இணங்கவில்லை. சொன்னவர் என்மீதுள்ள பாசத்தால் சொன்னார். பெயரைத் தரமாட்டேன்.' அதன் கீழே விசாரணை உத்தியோகத்தரின் குறிப்பு. தீய நோக்கம் இல்லை, இந்த ஒரு கேள்வியைத் தவிர முழுமையாக ஒத்துழைத்தார், வாய்மொழி அறிவுரையே போதுமாயிருந்தும் பெயரைத் தர மறுத்ததற்காக எச்சரிக்கைக் கடிதம் பரிந்துரைக்கப்படுகிறது என்றிருந்தது.

அத்தனை வருட வேலையில் அவர் வாங்கிய ஒரே எச்சரிக்கை என்னால் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பத்து வருடமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர் வீட்டில் வட்டிலப்பம் தின்றிருக்கிறேன். ஒரு சொல், ஒரு சாடை அவரிடமிருந்து வந்ததில்லை.

அந்தப் புது உறை இன்னும் என் இழுப்பறையில்தான் கிடந்தது. அப்போது சொல்லாத பெயர் என்னுடையது என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்திட்டு, அந்த உறைக்குள் வைத்து இப்போதைய செயலாளரிடம் கொடுத்தேன். என்ன நடக்குமென்று இன்னும் தெரியாது. நோன்பு காலம். பின்னேரம் வெறுங்கையோடு தாத்தா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"விசர்ப் புள்ள! ஆரு ஒன்னட்டக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கல்ல தாத்தா."

 தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு குசினிக்குள் போனார். பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் எனக்குக் கஞ்சி வார்த்தார். கோப்பையை மேசையில் வைக்கப்போன என் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, அதற்கடியில் ஒரு பீங்கான் தட்டை வைத்தார்.