ஒழுங்குப் பிரச்சினை ஆரின்

எங்கள் ஊரில் ஆரின் பெட்டன்ஜிலோடு யாரும் வாதாட மாட்டார்கள். அவர் ஜெயித்துவிடுவார் என்ற பயமில்லை, பேச்சை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடுவார் என்ற சலிப்புதான். "ராத்திரி என்னா பனி!" என்றால், "ராத்திரி இல்ல, விடியக்காலம்" என்பார். மேப்பிள் மரத்துச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிப் பிழைக்கிற மனிதர். ஊர்ப் பள்ளிக்கூட டீச்சராயிருந்த மனைவி லுவெல்லா நோயில் இறந்ததிலிருந்து இந்த வியாதி முற்றிவிட்டது.

அமெரிக்காவின் வெர்மான்ட் மலையூர்க்காரர்கள் நாங்கள் வருஷாவருஷம் மார்ச் மாதம் ஒன்றுகூடி, கைதூக்கித்தான் எல்லாவற்றையும் முடிவுசெய்வோம். அந்தக் கூட்டத்தில் ஆரினைப் பிடிக்க முடியாது. மடியில் விதிப்புத்தகம். யார் வாயைத் திறந்தாலும் "ஒழுங்குப் பிரச்சினை!" என்று எழுந்து, விதிமீறலைச் சொல்லிப் பேச்சை நிறுத்திவிடுவார். அதுவே பட்டப்பெயராகிவிட்டது.

இந்த வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடுவதா என்று தீர்மானம். மூடினால் சின்னப் பிள்ளைகள் மலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போகவேண்டும். காப்பாற்றப் பேச எழுந்தவள் ஆரினின் மகள் ஹெஸ்டர். அவள் மகன் அங்கேதான் படிக்கிறான். பாதிப்பேர் இரண்டு மனசாக இருந்தார்கள். அவள் பேச்சைத்தான் நாங்கள் மலைபோல் நம்பியிருந்தோம்.

"எங்கம்மா இந்தப் பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம்..."

"ஒழுங்குப் பிரச்சினை! தலைவரைப் பாத்துப் பேசணும். சனங்களைப் பாத்து இல்ல."

ஹெஸ்டர் திகைத்துப்போய்த் தலைவர் கிளேட்டன் பக்கம் திரும்பினாள். "தலைவர் அவர்களே, லுவெல்லா பெட்டன்ஜில் முப்பது வருஷம்..."

"ஒழுங்குப் பிரச்சினை! ஆளுங்க பேரை இழுக்கக்கூடாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் தட்டு அடுக்கிக்கொண்டிருந்த பந்தி மேசையிலிருந்தே கத்தினேன்: "உக்காருய்யா! பெத்த பொண்ணு பேசுது!"

"அனுமதி வாங்காம பேசறதும் விதிமீறல்" என்றார் என்னைப் பார்த்து. என்ன ஜென்மமோ!

"அம்மா கடைசிவரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்தையே நெனச்சு..."

"ஒழுங்குப் பிரச்சினை! தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு!"

கிளேட்டன் பாவம், விதி என்றால் விதி என்று கையை விரித்தார். ஹெஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்குமேல் யாருக்கும் எழுந்து பேசத் துணிவில்லை.

மூடவேண்டும் என்பவர்கள் கைதூக்கினார்கள். ஆரின் கை மடியிலேயே இருந்தது. "மூடக்கூடாதுங்கறவங்க?" என்றதும் முதலில் உயர்ந்த கை அவருடையது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெற்ற மகளின் வாயை அடைத்துவிட்டு, அவள் பக்கமே கைதூக்குகிறாரே இந்த மனிதர்! நாலே ஓட்டு வித்தியாசத்தில் பள்ளிக்கூடம் போயிற்று.

மத்தியானச் சாப்பாட்டில் ஹெஸ்டர் நேராக அவர் எதிரே போய் நின்றாள். நான் அவருக்குப் பீன்ஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நம்ம பக்கம்தானே கை தூக்குனீங்க? அப்புறம் ஏம்ப்பா என்னைப் பேசவிடல?"

"நீ தப்பாச் சொன்ன. முப்பது வருஷம் இல்ல, இருபத்தொம்போது."

அடப்பாவி! கரண்டியாலேயே ஒன்று போடலாமா என்றிருந்தது. ஆனால் அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முப்பதாவது வருஷம் தொறந்த அன்னிக்கு, யாரும் வர்றதுக்கு முன்னாடி கார்ல கூட்டிட்டுப் போனேன். நோயில அவளால படியேற முடியல. படியிலயே உக்காந்து அழுதா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னா. நீ அதைத்தான் ஊரறியச் சொல்ல வர்றியோன்னு பயந்துட்டேன்."

ஹெஸ்டர் பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அப்பா, அது எனக்குத் தெரியவே தெரியாதே."