தங்கையின் நான்கு தோல்சட்டைகள்

1931-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். மைசூரில் விடியற்காலை முதல் சாரல். சாமுண்டி மலை கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நேரத்தில்தான் என் தங்கையை முதுகெலும்பு அறுவைச் சிகிச்சைக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது, "அண்ணா, குடையை மறக்காம எடுத்துட்டுப் போங்க" என்றாள். மறந்துவிட்டுத்தான் வந்தேன்.

தங்கை பிறந்தது கொள்ளேகாலத்தில். ஆறு பிள்ளைகளில் நான் முதல், அவள் கடைசி. பதினெட்டு வயது வித்தியாசம். அவளுக்குப் பத்து வயதாவதற்குள் பெற்றோர் இருவரும் காலமானார்கள். அப்போது மைசூரில் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்த நான் அவளை அழைத்து வந்து படிக்கவைத்தேன். பன்னிரண்டு வயதில் அவள் முதுகு வலப்பக்கமாக வளையத் தொடங்கியது. பெண்கள் பள்ளியில் ஆசிரியையான பிறகு, அங்குள்ள பத்தொன்பது படிகளை ஏறினால் மூச்சு வாங்கியது. காலெலும்பில் ஒரு துண்டு எடுத்து முதுகில் வைத்து ஒட்டச் செய்தால் வளைவு மேலும் கூடாது என்றார் டாக்டர். அவள் தயங்கினாள். வற்புறுத்தியவன் நான்.

நூற்று எண்பத்து நான்கு நாள் மாவுக்கட்டில் மல்லாந்து கிடந்தாள். கட்டைப் பிரித்து எக்ஸ்ரே எடுத்தால், ஓரிடத்தில் எலும்பு ஒட்டவே இல்லை. காயத்தின் கீழ்முனையும் ஆறாமல் சீழ் வடிந்தது. டாக்டர் எதையும் ஒளிக்கவில்லை. மறுபடி அறுத்து, மற்றக் காலிலிருந்து எலும்பு வைத்துப் பார்க்கலாம் என்றார்.

"ஒரு கால்ல எடுத்தாச்சு. இன்னொண்ணையாவது விட்டு வைக்கலாம் அண்ணா" என்று தங்கை மறுத்துவிட்டாள்.

பள்ளியில் அவள் இடத்தை ஜூன் வரைதான் வைத்திருக்க முடியும் என்று தலைமையாசிரியை எழுதியிருந்தார். நாள் முழுதும் நின்று பாடம் நடத்த முடியாவிட்டால் வேலை போய்விடும். அவளோ கால் மணி நேரம் நின்றால் முகம் வெளுத்துவிடுவாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த இரும்புப் பட்டை ஆறாத காயத்தின் மேலேயே உரசியது.

வழி காட்டியவர் எங்கள் ஜட்கா வண்டிக்காரர். மண்டி மொகல்லாவில் குதிரைச் சேணம் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் அழைத்துப் போனார். முதுகைத் தாங்கிப் பிடிக்கும் தோல்சட்டைக்குப் பெரியவரின் மனைவி உள்ளே அளவெடுத்துச் சொல்ல, அவர் வெளியே தோலை வெட்டினார். முதல் சட்டை அக்குளை அறுத்தது. இரண்டாவது மூச்சை அடைத்தது. மூன்றாவதில் முதுகுப் பக்கம் ஒரு சிறு கதவு வைத்து, வார் போட்டுத் தந்தார். சட்டையைக் கழற்றாமலே காயத்துக்குக் கட்டு மாற்றலாம்.

"குதிரைக்கு நாலு ரூபாய்னு சொல்றீங்க. எனக்கு மட்டும் ஏன் ஆறு?" என்று தங்கை கேட்டாள்.

"குதிரை குறை சொல்லாதும்மா. நீங்க ரெண்டு தடவை திருப்பி அனுப்பிட்டீங்க" என்றார் அவர்.

பள்ளி திறந்த அன்று ஜட்காவில் அவளோடு நானும் ஒரு நாற்காலியும் போனோம். வாசலில் அவள் நாற்காலியை இறக்கச் சொல்லி மரத்தடியில் போட வைத்தாள். "நீங்க உக்காருங்க. பார்த்தா உங்களுக்குத்தான் முடியலைன்னு தோணுது."

உட்கார்ந்து, கீழ்த்தளத்தில் இருந்த அவள் வகுப்பின் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து பீரியட். மூன்றாவதில் ஒருமுறை கரும்பலகையைப் பிடித்துக்கொண்டாள். நான் எழுந்தேன். சாக்கட்டி பிடித்த கையாலேயே உட்காரும்படி சைகை காட்டிவிட்டுக் கணக்கைத் தொடர்ந்தாள். கடைசி மணி அடித்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். என் இடது கால்தான் மரத்துப் போயிருந்தது.

அன்று மாலை, அவள் வைத்தியச் செலவை எழுதிவந்த நோட்டை நான் எடுத்ததைப் பார்த்தாள். "எழுதிக்கோங்க, ஆனா கூட்டாதீங்க. கூட்டினா தினமும் அந்தத் தொகையைச் சொல்லி வருத்தப்படுவீங்க. நான் போன பிறகு கூட்டிக்கோங்க" என்றாள். பதினெட்டு வயது மூத்தவன் நான். கூட்டும் நாள் எனக்கு வராது என்று நினைத்து ஒப்புக்கொண்டேன்.

காயம் ஆறப் பதினான்கு மாதமும், ஆஸ்பத்திரி நர்ஸம்மா மாற்றிய நானூற்றுப் பன்னிரண்டு கட்டும் ஆயின. எலும்பு கடைசிவரை ஒட்டவில்லை. மழைநாளில் முதுகும், எலும்பு எடுத்த காலும் சேர்ந்து வலிக்கும். "ரெண்டும் ஒத்துமையா இருக்கு" என்பாள். அப்படியே பதினான்கு ஆண்டு பாடம் நடத்தினாள். தேய்ந்து தேய்ந்து மாற்றியதில் நான்கு தோல்சட்டைகள். சென்ற ஆடிக் காற்றில் சளி நெஞ்சில் இறங்கி, ஒன்பதாம் நாள் காலமானாள்.

உண்மையை மறைக்காத டாக்டருக்கும், நானூற்றுப் பன்னிரண்டு முறையும் முகம் சுளிக்காத நர்ஸம்மாவுக்கும், ஜட்காக்காரருக்கும், இறுதி ஊர்வலத்தில் கடைசிவரை நடந்து வந்த சேணக்காரப் பெரியவருக்கும், அவர் மனைவிக்கும், ஒன்பது நாளும் வாசலில் வந்து நின்ற மாணவிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

நேற்று நோட்டை எடுத்தேன். மூன்று முறை கூட்டினேன். மூன்று முறையும் ஒரே தொகைதான் வந்தது. ஆஸ்பத்திரியில் தொலைந்த குடை உட்பட, அறுநூற்றுப் பதினான்கு ரூபாய் பதினோரு அணா.