பிள்ளை பெற்றவளுக்கு ஒரு பச்சை மீன்

மீன் பிடிக்கப் போவது மனதுக்கு இதமான விஷயம் என்று யாராவது என் முன்னால் இருந்து சொன்னால், அவருக்கு நான் ஒரு தேத்தண்ணிகூட ஊற்றிக் கொடுக்கமாட்டேன். நான் போய் வந்தவள். மொன்றியல் தீவுக்கு மேற்கே, ஆறு ஐஸாய் இறுகிக் கிடக்கிற தை மாதத்தில், காசும் கட்டி, கூட்டிப்போய்க் காட்ட ஒரு கைட்டும் வைத்துப் போனேன். அப்படியொரு அரியண்டத்தை என் சீவியத்தில் நான் கண்டதில்லை. இத்தனைக்கும் எனக்கு அப்போது கார்டெரியில், பிள்ளைகள் பராமரிக்கிற இடத்தில், வேலை. விடிந்தால் பொழுதுபட்டால் ஊரார் பெற்ற பிள்ளைகளின் மூக்கையும் பின்பக்கத்தையும் துடைக்கிறவள். எனக்கே ஓங்காளம் வந்ததென்றால் யோசித்துப் பாருங்கள்.

என் தங்கச்சிக்குத் தலைப்பிள்ளை பிறந்த குளிர்காலம் அது. அம்மா யாழ்ப்பாணத்தில். விசா கேட்டும் கொடுக்கவில்லை. அதனால் நான்தான் லீவு போட்டுவிட்டு, பார்க் எக்ஸ்டென்ஷனில் அவர்களுடைய அப்பார்ட்மென்டில் போய் நின்று பத்தியம் பார்த்தேன். மல்லி, மிளகு, மஞ்சள், உள்ளி எல்லாம் வறுத்து அரைத்துச் சரக்குக் கறி வைத்துக் கொடுக்கவேண்டும். அந்தக் கறிக்குப் பச்சை மீன் வேண்டும். மீன் பழசென்றால் பிள்ளைக்கு வயிற்றுக்குத்து வரும், கிரந்தி வரும் என்று அம்மா போன் கார்ட் முடியுமட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

தங்கச்சிக்குப் பால் காணவில்லை. பிள்ளை உறிஞ்சிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி வீரிட்டுக் கத்தும். கிளினிக்கில் தாதி போத்தல் பால் கொடுக்கச் சொன்னாள். அதில் ஒரு பிழையும் இல்லை என்று நானும் சொன்னேன். ஆனால் ஒவ்வொரு முறையும் போத்தலைக் கையிலெடுக்கும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். சாப்பாடும் இறங்கவில்லை. இரண்டு வாய் சோறு, ஒரு மிடறு தண்ணீர், அவ்வளவுதான். பிறகு தட்டைத் தள்ளிவிடுவாள். ஒரு நேரமாவது இவள் வயிறு நிறையச் சாப்பிடாமல் எங்கே பால் ஊறப்போகிறது? எனக்கு அந்த வீட்டில் இருந்த ஒரே யோசனை அதுதான்.

தமிழ்க் கடையில் ஐஸ் மீன் இருந்தது. கடலை விட்டு வந்து எத்தனை மாதமோ, கல்லாய்க் கிடந்தது. அதை விட்டு ஜான்-டலோன் சந்தைக்கு நடந்தேன். அங்கே மீன்களை நொறுக்கின ஐஸில் வரிசையாய்க் கிடத்தி, பக்கத்தில் பார்ஸ்லி இலையெல்லாம் செருகி, பொம்பிளை பார்க்க வருகிற வீடு போல வைத்திருந்தார்கள். இலையைப் பார்த்து ஏமாற நானென்ன விசரியா? ஒரு மீனின் செவுளை, எங்கள் ஊர்ப் பேச்சில் பூவை, தூக்கிப் பார்த்தேன். சிவப்பாய் இருக்கவேண்டிய பூ தேத்தண்ணிச் சாயம் போல மங்கிப்போய் இருந்தது. கடைக்காரன் கை வைக்கக்கூடாது என்று பிரெஞ்சில் பாய்ந்தான். "சீ, நீயே வைச்சிரு" என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தங்கச்சியிடமும் அப்படியே சொன்னேன், பூ இருந்த நிறம், வெடுக்கு நாற்றம், கடைக்காரனின் கையிலிருந்த ஊத்தை, ஒன்று விடாமல். அதற்குப் பிறகு அவள் எந்த மீனையும் தொடவில்லை.

மாப்பிள்ளை என்று ஒருவர் அந்த வீட்டில் இருந்தார். தங்கச்சியின் கணவர். கல்யாணம் முடிந்து நாலைந்து வருடமாகியும் எங்களுக்கு அவர் மாப்பிள்ளைதான். கொழும்பில் வளர்ந்தவர், லொங்குய்யில் ஒரு கந்தோரில் கம்ப்யூட்டர் வேலை. மீனென்றால் தட்டில் பொரித்து வந்தால்தான் தெரியும். ஒரு நாள் அவர் வந்து நின்று, "அக்கா, கந்தோரிலை ஒரு பெடியன் சொன்னவன். ஆத்துக்கு மேலை குடில் போட்டு ஓட்டை துளைச்சு மீன் பிடிக்க விடுவினமாம். கைட்டும் தருவினம். உயிர் மீன் அக்கா!" என்றார்.

உயிர் மீன் என்றதும் தங்கச்சி தலையை நிமிர்த்தினாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் வேண்டாம் என்று சொல்வேனா? ஆனால் இந்த மனிதரைத் தனியே அனுப்பினால் மீசை வைத்த கெளிறு மாதிரி ஏதாவது கிரந்தி மீனைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார். "நானும் வாறன்" என்றேன். அவர் முகம் கொஞ்சம் கறுத்தது. பிறகு, "ஓம் அக்கா, நீங்களும் வந்தால்தான் நல்லது" என்றார். மேல்வீட்டு மனுசியைத் தங்கச்சிக்குத் துணைக்கு வைத்துவிட்டு, சனிக்கிழமை வெளிக்கிட்டோம்.

ஆற்றின் மேலே கார் ஓடுகிறது. நான் கதவுப் பிடியை விடவேயில்லை. குடில் என்று சொன்னது பலகைப் பெட்டி. உள்ளே ஒரு விறகடுப்பு, தரையில் ஓட்டை, முதல் நாள் வந்தவர்கள் குடித்துப்போட்ட பியர்க் கேன்கள், ஒரு மூலையில் யாரோ கழற்றிவிட்டுப் போன ஈரச் சொக்ஸ். மீன் வெடுக்கு, பழைய எண்ணெய், வியர்வை எல்லாம் சேர்ந்து அடுப்புச் சூட்டில் அவிந்துகொண்டிருந்தன. பக்கத்துக் குடில்காரர் நாலு பேர் காலையிலேயே குடித்துவிட்டு, பத்தடி தள்ளி எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு வெள்ளைப் பனியை மஞ்சளாக்கிக்கொண்டிருந்தார்கள். "இஞ்சையோ நீர் பத்தியத்துக்கு மீன் பிடிக்கப்போறீர்?" என்று கேட்டேன். மாப்பிள்ளை கமராவைத் துடைத்தார்.

இதெல்லாம் பரவாயில்லை. அந்தக் கைட் வந்தானே, அவனைத்தான் சொல்லவேண்டும். தாடியில் பனி தொங்க, நல்ல உயரமான மனிதன். சிரித்துக்கொண்டு "போன்ஜூர்" என்றான். கீழ் உதட்டுக்குள் ஏதோ புடைத்திருந்தது. புகையிலையாக்கும் என்று நினைத்தேன். தூண்டிலை எடுத்தான். உதட்டுக்குள் விரலை விட்டான். ஒரு வெள்ளைப் புழுவை எடுத்தான். நெளிந்தது. அதை அப்படியே கொளுக்கியில் குத்தினான்.

ஐயோ, கடவுளே! வாய்க்குள்ளே புழு! வெளியே வைத்தால் குளிரில் விறைத்துவிடுமாம், வாய்ச் சூட்டில் வைத்திருந்தால் உயிரோடு நெளியுமாம், நெளிந்தால்தான் மீன் கடிக்குமாம். மாப்பிள்ளை பெரிய விஞ்ஞானம் போல மொழிபெயர்த்தார். அவனோ மிச்சப் புழுக்களை நாக்கால் ஒதுக்கிவிட்டு எனக்குக் கை கொடுக்க வந்தான். நான் கையை ஜாக்கெட்டுக்குள் ஒளித்தேன். போதாக்குறைக்கு மாப்பிள்ளையும் ஒரு புழுவை வாங்கி உதட்டுக்குள் வைக்கப் பார்த்தார்.

"வைச்சுப் பாரும்! வைச்சீரெண்டால் அந்த வாயோடை வீட்டுக்கு வரப்படாது. பச்சைப் பிள்ளையைக் கொஞ்சிற வாய்!" என்று கத்தினேன். அவர் புழுவைத் திருப்பிக் கொடுத்தார். கைட் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.

ஆற்றில் ஓட்டைகள் துளைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு தூண்டில். மீன் கடித்தால் சின்னச் சிவப்புக் கொடி ஒன்று நிமிரும். நாங்கள் கொடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கால் விறைத்தது, மூக்கு விறைத்தது. ஒரு கொடியும் அசையவில்லை. கைட் இடைக்கிடை வந்து தண்ணீரில் படிந்த ஐஸை அள்ளிவிட்டு, காறித் துப்பிவிட்டுப் போனான். கொழுப்பெடுத்த மீன்கள், என் தங்கச்சி அங்கே வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறாள், இதுகளுக்கு இரண்டு கடி கடித்தால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு அழுகையும் வந்தது. வெறுங்கையோடு போய் அவளுக்கு என்ன முகத்தைக் காட்டுவேன்?

மத்தியானமானதும் மாப்பிள்ளை, "அக்கா, நீங்கள் போய்ச் சூடாய் சூப் குடியுங்கோ. நான் பாக்கிறன்" என்று வற்புறுத்தி அனுப்பினார். குடிலுக்குள் கைட்டின் மனைவி ஊற்றித் தந்த பட்டாணிச் சூப்பில் ஒரு நாய் மயிர் மிதந்தது. கோப்பையைக் கீழே வைக்கவும், வெளியே "அக்கா! அக்கா!" என்று சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது.

ஓடினேன். கடைசி ஓட்டையில் கொடி நிமிர்ந்து நின்றது. மாப்பிள்ளை நூலைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்கிறார். நல்ல பெரிய டொரே மீன் ஒன்று மேலே வந்தது. செதிலுள்ள மீன், வெள்ளைச் சதை, பத்தியத்துக்கு அம்மாவே ஓம் சொல்லக்கூடிய மீன். "பிடிச்சிட்டன் அக்கா! படம் எடுங்கோ!" என்று கமராவை நீட்டினார். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை. ஆனால் மீன் துடிக்கவில்லை. தூக்கிய பக்கமெல்லாம் சும்மா தொங்கியது. கமராவை வாங்காமல், பழக்கதோசம், ஒரு விரலால் பூவைத் தூக்கினேன்.

தேத்தண்ணிச் சாயம். அதுமட்டுமா? பூவுக்குள்ளே மடிந்துபோய் ஒரு பார்ஸ்லி இலை.

எனக்கு உச்சியில் பற்றிக்கொண்டது. அந்தக் கைட்டைப் பிடித்தேன். கள்ளன், நாசமாய்ப்போவான், பழைய மீனைக் கொளுவிவிட்டு ஏமாற்றுகிறான் என்று தமிழிலும் கார்டெரியில் பழகின பிரெஞ்சிலும் கலந்து திட்டினேன். பிள்ளைகளிடம் சொல்லுகிற "வாயிலே போடாதே, ஊத்தை!" என்பதுதான் பிரெஞ்சில் எனக்கு நன்றாக வந்தது. அதையே நாலு தரம் சொன்னேன். அவன் புழுக்களைக் கன்னத்துப் பக்கம் தள்ளிவிட்டு நிதானமாக ஏதோ சொன்னான். பிறகு தாடையால் மாப்பிள்ளையைக் காட்டினான்.

"என்ன சொல்லுறான்?"

மாப்பிள்ளை நிலத்தைப் பார்த்தார். "தான் ஓட்டைதானாம் விக்கிறது. மீன் விக்கிறேல்லையாம்."

"அப்ப இது ஆருடைய மீன்?"

"நேற்று ஜான்-டலோனிலை நான்தான் வாங்கினனான் அக்கா. இரவு கூலர் பெட்டியிலை போட்டுக் காருக்குள்ளை வைச்சிருந்தனான்."

அந்த ஓட்டை கொஞ்சம் அகலமாய் இருந்திருந்தால் அவரைத் தலைகீழாய் உள்ளே இறக்கியிருப்பேன். "கோதாரியிலை போற மனுசா, என்னை ஏமாத்திப் பேய்க்காட்டவோ இந்தக் குளிருக்குள்ளை கூட்டிக்கொண்டு வந்தனீர்?" என்றேன்.

"வேறை என்ன செய்யிறது?" அவருடைய குரல் உடைந்தது. அவர் அப்படிக் கதைத்து நான் அதுவரை கேட்டதில்லை. "அது நல்ல மீன் அக்கா. சனம் வாங்கித் தின்னுது, ஒருத்தரும் சாகேல்லை. நீங்கள் வந்து மணக்குது எண்டு சொன்ன நாளிலையிருந்து அவள் கடை மீன் எண்டாலே ஓங்காளிச்சுச் சத்தி எடுக்கிறாள். நான் என்ன சொன்னாலும் நம்பமாட்டாள். அக்கா கண்ணாலை கண்டு கொண்டுவந்தது எண்டால்தான் வாய் திறப்பாள். உங்களுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாய் வந்திருக்கும்."

கார் வீட்டுக்குத் திரும்பியது. மீன் பின்னால் பையில் கிடந்தது. எறிந்துவிடலாமா என்று இரண்டு பாலத்திலும் யோசித்தேன்.

கதவைத் திறந்ததும் அறைக்குள்ளிருந்து, "அக்கா, பிடிச்சதோ?" என்று குரல் வந்தது. பிள்ளை கத்திக் களைத்துப்போய் விக்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என்னையே பார்த்தார்.

"ஓம். என்ரை கண்ணுக்கு முன்னாலை பிடிச்சது. என்ன துடிப்புத் துடிச்சது தெரியுமே" என்றேன்.

குசினிக்குள் போய் அந்த மீனை மஞ்சள் போட்டுக் கழுவினேன், தேசிக்காய் போட்டுக் கழுவினேன், உப்புப் போட்டுக் கழுவினேன். கையை மணந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினேன். கொளுக்கி போட்ட இடத்தில் அந்த வாய்ப்புழுவின் பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தியால் வழித்தெறிந்துவிட்டு, அந்தக் கத்தியையும் கழுவினேன். மிளகும் உள்ளியும் வழமையைவிட இரட்டிப்பாய்ப் போட்டுக் கறி வைத்தேன்.

தட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கச்சி சோற்றைக் குழைத்தாள், மணந்து பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். முதல் வாயை என் பக்கம் நீட்டி, "நீங்கள் சாப்பிட்டுக் காட்டுங்கோ" என்றாள்.

வாசலில் மாப்பிள்ளை மூச்சுவிடாமல் நின்றார். எனக்கு அந்த உதடு, அந்தப் புழு, அந்த மங்கின பூ எல்லாம் ஒன்றாய் வந்து கண்முன்னால் நின்றன. வாயைத் திறந்தேன். மென்றேன். முகத்தில் ஒரு தசையைக்கூட அசையவிடாமல் விழுங்கினேன். "நல்ல இனிப்பு மீன்" என்றேன்.

அவள் சாப்பிட்டாள். ஒரு துண்டு, பிறகு இன்னொரு துண்டு, பிறகு குழம்பை ஊற்றச் சொல்லி வழித்து, தலையையும் கேட்டு வாங்கிச் சூப்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தத் தட்டு வெறுமையாக என் கைக்கு வந்தது. பிள்ளையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நாளைக்கும் போவியளோ அக்கா?"

"ஓம். வெள்ளென வெளிக்கிடுவம்" என்றேன்.